செந்தமிழ்ச்செல்வி போட்ட படகு ஜோடி

செந்தமிழ்ச்செல்வி 1991 ஜூன் 10, திங்கட்கிழமை, புதுச்சேரி மேட்டுப்பாளையத்தில் எங்கள் தொழிற்சாலையில் பேக்கிங்கில் சேர்ந்தார். மருந்து பாட்டில்களுக்கு பிளாஸ்டிக் மூடி செய்கிற இடம். நான் வருகைப் பதிவு பார்க்கும் டைம் ஆபீஸ். ஓய்வுக்குப் பிறகும் வாரத்தில் மூன்று நாள் வரச் சொல்லியிருப்பதால் இன்றும் அங்கேதான் இருக்கிறேன்.

1998 முதல் 2019 வரை, ஆண்டுக்கு ஒன்றாக இருபத்திரண்டு சுற்றுலாக்களையும் நடத்தியது செல்விதான். ஊசுட்டேரி, செஞ்சிக் கோட்டை, பிச்சாவரம் என்று இடம் மாறும். ஒரு விதி மட்டும் மாறாது. ஒரே மெஷினில் காலை ஷிப்டு பார்ப்பவரும் மதிய ஷிப்டு பார்ப்பவரும் பேருந்திலும் படகிலும் பந்தியிலும் பக்கத்தில் பக்கத்தில்தான் உட்கார வேண்டும்.

இந்த விதி அவருடைய அப்பாவிடமிருந்து வந்தது. "மில்லுல எங்கப்பாவோட தறியில மூணு ஷிப்டுக்கு மூணு பேருய்யா. அப்பா செத்தப்ப மத்த ரெண்டு பேருதான் முன்னாடி தோள் குடுத்தாங்க. எங்க சித்தப்பனுங்களே பின்னாடிதான்" என்பார்.

அப்போதெல்லாம் இரண்டு மணிக்கு இரண்டு ஷிப்டும் பத்து நிமிடம் ஒன்றாக இருக்கும். மெஷினுக்குக் கீழே கருவிகள் வைக்கும் டிராயரில் ஒருவர் மற்றவருக்கு ஏதாவது வைத்துவிட்டுப் போவார். வாழையிலையில் கொழுக்கட்டை, மாசிமகத்தன்று வாங்கிய வளையல், ஒரு முறை பிள்ளைக்குப் பெயர் வைக்க நான்கு பெயர் எழுதிய துண்டுச் சீட்டு. மூன்றாவது பெயருக்கு நேரே டிக் போட்டு அதே டிராயரில் திரும்பி வந்தது.

2020இல் கொரோனாவுக்காக ஷிப்டுகளுக்கு நடுவே கால் மணி இடைவெளி விட்டார்கள். கொரோனா போனது, இடைவெளி போகவில்லை. சுற்றுலாவும் நின்றது. ஒரே மெஷினில் வேலை செய்கிறவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் லாக் புக்கில் சண்டை போட்டார்கள். அதில் பெயர்கூட இல்லை, டோக்கன் எண்தான்.

மோசமானது ஏழாம் மெஷின். காலை ஷிப்டு துர்கா, 2021இல் சேர்ந்தவள். மதிய ஷிப்டு சின்னப்பாப்பா, 2022இல் ஒப்பந்தத்தில் வந்தவள். 'மோல்டில் தண்ணீர், துடைக்கவில்லை' என்று, மூடி வார்க்கும் அச்சைப் பற்றித் துர்கா எழுதியது 2024 பிப்ரவரி பத்துக்குள் பதினொரு முறை. சின்னப்பாப்பாவின் ஒப்பந்தம் அந்த மாதம் 29இல் முடிகிறது. இன்னொரு புகார் வந்தால் புதுப்பிக்கப் போவதில்லை என்று மேனேஜர் ஹரிகிருஷ்ணன் சொல்லிவிட்டார். அவள் சம்பளத்தில்தான் அந்த வீடு நடந்தது.

சுற்றுலாவைத் திரும்ப நடத்தலாமா என்று கேட்க செல்வி மேனேஜரிடம் போனார். நானும் கூட இருந்தேன். ஊழியர்களுக்குள் ஒற்றுமை வளர்க்கும் விளையாட்டுகள் நடத்தும் ஒரு கம்பெனியைத் தலைமை அலுவலகம் ஏற்பாடு செய்யச் சொல்லியிருப்பதாக மேனேஜர் சொன்னார். ஷிப்டு வாரியாகத் தனித்தனி நாள், கண்ணைக் கட்டி நண்பரை நம்பி நடக்கும் விளையாட்டெல்லாம் உண்டு.

"கண்ண வேற எதுக்கு சார் கட்டணும்? நாலு வருசமா இவங்க ஒருத்தர ஒருத்தர் பாத்ததே கெடையாது" என்றார் செல்வி.

மேனேஜர் சிரித்துவிட்டார். பிப்ரவரி 18, ஞாயிறு, நோணாங்குப்பம் படகு, இரண்டு ஷிப்டும் ஒரே நாளில் என்று முடிவானது.

வந்தவர்கள் அறுபத்து நான்கு பேர். செல்வி பழைய முறைப்படி ஜோடி ஜோடியாகப் படகில் ஏற்றினார். ஏன் அப்படி என்று யாருக்கும் சொல்லவில்லை. பழையவர்களுக்குத் தெரியும், புதியவர்களுக்குத் தெரியாது என்பது அவருக்கும் எனக்கும் தோன்றவில்லை.

நாங்கள் இருவரும் துர்காவுக்கும் சின்னப்பாப்பாவுக்கும் பின்வரிசையில் இருந்தோம். சின்னப்பாப்பாவுக்குத் தண்ணீர் என்றால் பயம். கட்டையைப் பிடித்துக்கொண்டு, துர்கா கேட்டதற்கெல்லாம் தலையாட்டினாள்.

"பேக்கிங்கா அக்கா?"

தலையாட்டல்.

"குடுத்து வெச்சவங்க. எனக்கு ஒருத்தி வாச்சிருக்கா பாருங்க, ஏழாம் மெஷின் செகண்ட் ஷிப்டு. ஒரு நாளு மோல்ட தொடச்சிட்டுப் போனதில்ல. காலைல வந்தா தண்ணி நிக்குது. அவ வூட்டு அடுப்பங்கரையும் இப்படித்தான் நாறிட்டு கெடக்கும்."

செல்வி என் கையைப் பிடித்து அழுத்தினார்.

சின்னப்பாப்பா கட்டையிலிருந்து கையை எடுத்தாள். "என் வூட்டு அடுப்பங்கரைல தண்ணியே வராது. தெருக்கொழாய்லதான் புடிக்கிறோம்."

படகு சுரபுன்னைக் காட்டைத் தாண்டியதும் துர்கா அவள் பக்கம் திரும்பினாள்.

"நீங்களா?"

"நாந்தான். பத்து மணிக்குப் பனியன் துணி போட்டுத் தொடச்சிட்டுத்தான் போறேன். ஒரு நாளுகூட வுட்டதில்ல."

"அப்ப காலைல தண்ணி எங்கேருந்துக்கா வருது?"

"அத நீதான் சொல்லணும். நான் அப்ப வூட்டுல தூங்கறேன்."

கடற்கரையில் இறங்கியதும் இருவரும் சேர்ந்து, மெஷின் பழுது பார்க்கும் பிட்டர் இராமதாஸைத் தேடிப் பிடித்தார்கள். அவர் வேட்டியை மடித்துக் கட்டி அலையில் நின்றுகொண்டிருந்தார். "ஞாயித்துக்கெழமையும் மெஷினா? எம் பொண்டாட்டியே தேவல" என்றார். ஆனாலும் மணலில் குழாய்களின் படத்தை வரைந்து, எங்கோ கசிகிறது, மெஷின் சூடாக இருக்கும்வரை அது காயும், இரவு நிறுத்திய பிறகு தேங்கும் என்றார்.

மறுநாள் காலை 5.50க்கு, மதிய ஷிப்டுக்காரியான சின்னப்பாப்பாவும் வந்து நின்றாள். கூலிங் குழாய் வால்வில் வாஷர் தேய்ந்திருந்தது. மாற்ற ஆறு நிமிடம்.

துர்கா லாக் புக்கை என்னிடம் எடுத்து வந்தாள். "அந்தப் பதினோரு பக்கத்தையும் கிழிச்சிடுங்க ஐயா."

"பக்கத்துக்கு நம்பர் போட்டிருக்கும்மா. கிழிக்கக் கூடாது. தெரிஞ்சத கீழ எழுது."

நின்றுகொண்டே எழுதினாள். 'முன்பு எழுதிய பதினொன்றும் வால்வுக் கசிவு. மதிய ஷிப்டு ஆள் தினமும் துடைத்தார். நான் விசாரிக்காமல் எழுதினேன்.' முதல் முறையாக டோக்கன் எண்ணுக்குப் பதில் பெயரைப் போட்டாள். நேரம் 6.25 என்று நான் சான்று இட்டேன்.

மேனேஜர் அதைப் படித்து 28ஆம் தேதி ஒப்பந்தத்தை ஓராண்டுக்குப் புதுப்பித்தார். உத்தரவை அலுவலகப் பையன் கொடுத்திருக்கலாம். செல்வி தானே வாங்கிப் போய், இரண்டேகால் மணி ஷிப்டுக்கு சின்னப்பாப்பா வரும்வரை ஏழாம் மெஷினருகே நின்றார். இரண்டு மணிக்கே வேலை முடிந்த துர்காவும் போகவில்லை.

மார்ச் 31இல் செல்வி ஓய்வு பெற்றார். வேலைக்காலம் 32 ஆண்டு, 9 மாதம், 22 நாள். கடைசி வாரத்தில் மேனேஜரிடம் அவர் கேட்டது ஒன்றுதான், இரண்டு மணிக்கு இரண்டு ஷிப்டும் ஒன்றாக இருக்கிற அந்தப் பத்து நிமிடம். ஐந்து நிமிடம் கொடுத்தார்கள்.