கதவுக்கு முன்னால் வந்த கீல்கள்

எண்ணூர்ப் பக்கம் போனால் என்ன பார்க்கலாம் என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். காத்திவாக்கத்தில் எங்கள் மெதடிஸ்ட் கோயிலைப் பாருங்கள். ஐம்பதுகளின் நடுவில், அறுப்புப் பண்டிகை ஞாயிறன்று நான் அங்கே போன கதை இது.

அப்போது கோயில் ஏது, ஓலைக் கொட்டகைதான். கட்டடம் இல்லாத சபையைக் கலைத்து ராயபுரம் சபையோடு சேர்ப்பதா என்று அன்றைக்கு மேற்பார்வைப் போதகர் வந்து முடிவு சொல்வதாக இருந்தது. ஷிப்டு வேலை பார்க்கும் எங்கள் சபையார் வாராவாரம் எட்டு மைல் போய் வருவார்களா என்ன! சேர்த்தால் சபை அத்தோடு முடிந்தது.

பண்டிகைக்கு அவரவர் விளைச்சலைக் காணிக்கையாகக் கொண்டுவருவார்கள். ஆராதனை முடிந்ததும் ஏலம் விடுவார்கள். ஊர் காத்திவாக்கமானாலும் ராயபுரத்தில் தங்கிப் பட்டறை பிட்டராக இருந்த எனக்கு வயலா, வரப்பா? தண்டையார்பேட்டையில் முதலாளியிடம் கேட்டு வாங்கிய பழைய இரும்பில், முழ நீளத்துக்கு நாலு கீல் அடித்துக் கோணியில் கட்டினேன். காலை ஐந்தரைக்கு ராயபுரத்தில் பஸ், திருவொற்றியூருக்கு இரண்டணா.

கண்டக்டர் கோணியை நகர்த்திப் பார்த்தார். “இன்னா நைனா கீது உள்ள, இந்தக் கனம் கனக்குது?”

“கீலுப்பா. கோயில் கதவுக்கு.”

“எந்தக் கோயிலு?”

“இன்னும் கட்டல.”

பஸ்ஸே சிரித்தது. திருவொற்றியூரில் இறங்கி, எனக்கு வந்த கோபத்தில் மீதி நாலு மைலையும் எங்கேயும் நிற்காமல் நடந்தேன். ஏழரைக்குப் போய்ச் சேர்ந்தபோது தோள் கழன்றுவிட்டது.

காணிக்கை மேசையில் பெட்டிப் பலகைகள், கயிற்றுச் சுருள், ஒரு கூடை இறால். “நெல் எங்கே, வாழைத்தார் எங்கே?” என்றார் மேற்பார்வைப் போதகர். ஏலத்தில் இறால் உடனே போனது. அடுத்து என் கீல்கள். போதகரே மூன்று முறை கூவியும் ஒருவரும் விலை கேட்கவில்லை. அவமானத்தில் நான் வெறும் கோணியைச் சுருட்டத் தொடங்கினேன்.

கொட்டகைக்கு இடம் கொடுத்திருந்த எஸ்தர் அக்கா எழுந்தார். “இன்னாத்துக்கு ஐயா கூவிகினு கீறீங்க? அது எங்க கோயில் கீலு. காசு குடுத்தா எவனுக்கும் வித்துடுவோமா?”

கோயில் கட்ட வேண்டுமென்று பலகையையும் கயிற்றையும்கூட ஏலத்தில் எடுக்க யாரும் விடவில்லை. போதகர் சிரித்துவிட்டார். “கதவே இல்லாத கீலை விட்டுக்கொடுக்காத சபையை நான் எப்படிக் கலைப்பேன்? கட்டுங்கள்.”

சுவர் எழும்ப இரண்டு வருஷம் ஆனது. அதுவரை கீல்கள் எஸ்தர் அக்கா வீட்டு டிரங்குப் பெட்டியில் இருந்தன.

போகிறவர்கள் ஞாயிறு எட்டு மணிக்குள் போங்கள். வழியில் நிழல் கிடையாது, தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். வாசலில் நின்று கதவைத் தள்ளிப் பாருங்கள். உப்புக் காற்று ஜன்னல் கம்பிகளை மூன்று முறை தின்றுவிட்டது. கீல் மட்டும் அதே கீல். நான் அடித்தது.