முத்துராணி கட்டிய பெட்டி

"ஸ்ரீவைகுண்டத்து முத்துராணி வாரா. சண்டைக்குத்தான் வாரா. நீ வாயத் தொறக்காத தாயி" என்று நாசர் பாய் சொன்னபோதுதான் நித்யா அந்தப் பெயரை முதன்முதலாகக் கேட்டாள். திருநெல்வேலி சந்திப்பில் பாயின் எலக்ட்ரானிக்ஸ் சாமான் கடையில் அவள் வேலைக்குச் சேர்ந்து நாலு நாள் ஆகியிருந்தது. யாரோ பெரிய சவுண்டு செட்காரி காரில் வந்து இறங்கப்போகிறாள் என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வந்தவள் பஸ்ஸிலிருந்து இறங்கினாள், கணுக்காலில் வயல் சேறு காயாமல்.

முந்தானை முடிச்சை அவிழ்த்து, கருகிப்போன நாலு டிரான்சிஸ்டரை மேசைக் கண்ணாடிமேல் கொட்டினாள். "போலியத் தந்து ஆத்தா முன்னால எம் மானத்த வாங்கிட்டீரே, பாய்!"

வயது நாற்பத்தாறு. நாற்று நடுகிற பதினொரு பெண்களுக்குத் தலைவி. ஆம்ப்ளிபயர் கட்டுவது அண்ணன் செந்தூர்பாண்டியிடம் கற்றது. திருப்பூருக்குப் பிழைக்கப் போனவன் ஈயம் பற்றவைக்கிற சூட்டுக்கோலைத் தங்கச்சியிடம் விட்டுவிட்டுப் போனான். அந்தச் செந்தூர்பாண்டி பெண்ணெடுத்தது நித்யாவின் சித்திக்கு நாத்தனார் மகளை. அப்படிப் பார்த்தால் முத்துராணி அவளுக்கு அக்கா முறை. சண்டை நடக்கும்போதே நித்யா இதைக் கணக்குக் கூட்டி முடித்துவிட்டாள்.

நடந்தது இதுதான். போன ஆவணியில் அவர்கள் தெரு முப்பிடாதி அம்மனுக்குக் கொடைத் திருவிழா. மதியப் பூசை. வில்லுப்பாட்டில் அம்மன் பிறக்கிற இடம். சாமியாடுகிற கோமரத்தாடி ஈரத்துணியோடு அருள் வருவதற்காக நிற்கிறார். அந்நேரம் பார்த்துப் பாட்டுக்காரியின் குரல் கிணற்றுக்குள் போனதுபோல் அமுங்கியது. "கூட்டு, கூட்டு" என்று கூட்டம் கத்த, முத்துராணி சத்தத்தைக் கூட்டினாள். ஒரு கருகல் வாடை. அதோடு அவள் கட்டிய ஆம்ப்ளிபயர் பெட்டி அடங்கிவிட்டது. சாமி இறங்கவில்லை. கோவில் நிர்வாகி இசக்கிமுருகன் ஊர் கேட்கச் சொன்னான்: "பொம்பள கட்டுன பெட்டி ஆத்தாளுக்கே புடிக்கல. அடுத்த கொடையிலயும் நின்னுச்சுன்னா டவுனு செட்டுதான். அப்புறம் இந்த வாசல்ல இவ வயரு விரிக்கக் கூடாது, பாத்துக்கிடுங்க."

நாசர் பாய் கருகிய நாலையும் அவள் பக்கம் தள்ளினார். "ஒன் உப்புத்தாள எடு. நீயே தேய்" என்றார்.

அது அவளுடைய வழக்கம். டிரான்சிஸ்டர் வாங்குமுன் அதன் தலையிலுள்ள எழுத்தை உப்புத்தாளால் லேசாக உரசுவாள். எழுத்து அழிந்து அடியில் வேறு எழுத்து எட்டிப் பார்த்தால் போலி. கருகியதையும் அப்படியே உரசினாள். அழியவில்லை. நாலையும் உரசினாள். நாலும் அசல்.

அவள் முகத்திலிருந்த கோபம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. "அப்போ இதத் தின்னது எது, பாய்?" என்று கேட்டாள். பதிலுக்கு நிற்காமல் போய்விட்டாள்.

பங்குனி தொடங்கி ஆடிவரை, எந்த ஊரில் கொடையோ அங்கே முத்துராணி போனாள். மஞ்சப்பைக்குள் மின்சாரம் அளக்கிற மீட்டர். மேளம் உச்சத்துக்குப் போகையில் பிளக்கில் கம்பியைச் செருகிப் பார்த்து, கிழித்த காலண்டர் தாளில் குறித்துக்கொள்வாள். "எந்த ஊரு பந்தியிலயும் மொத எல அவளுக்குத்தான்" என்று கூட நடுகிற பெண்களே சிரித்தார்கள். "சோத்துக்குத்தாம்ளா போறேன், நீயும் வா" என்பாள்.

ஆடிக் கடைசியில் திரும்பக் கடைக்கு வந்தபோது தாளை விரித்தாள். சாதாரண நாளில் இருநூற்று முப்பது வோல்ட். கொடை மதியத்தில் நூற்றெழுபது. "பெட்டிய வீட்ல ஓட்டிப் பாக்கும்போது ஊரே வயலுக்குப் போயிருந்துச்சு, பாய். கொடைக்கு ஊரு பூரா வீட்ல இருக்கு. விருந்தாளி வேற. வீட்டுக்கு நாலு பேன், கிரைண்டரு, மோட்டாரு. எளச்ச மாட்டத் தார்க்குச்சி போட்டு ஓட்டுன கதயா, நான்தான் கூட்டிக் கூட்டிக் கருக்கியிருக்கேன்."

அன்று அவள் சாமான் பொறுக்கியதை நித்யா கண்கொட்டாமல் பார்த்தாள். ஒரே அளவில் இரண்டு கண்டன்சரை இரண்டு உள்ளங்கையிலும் வைத்துக் கண்ணை மூடினாள். "இது ஒல்லித் தேங்கா. உள்ள ஒண்ணுமில்ல" என்று ஒன்றைத் தள்ளினாள். டிரான்ஸ்பார்மரைப் பிள்ளையைப் போல இடுப்பில் வைத்துப் பார்த்தாள். "செம்பு கொறச்சது சீக்காளி மாப்பிள்ள மாதிரி. பாக்க நல்லாத்தான் இருக்கும், வேல வச்சா மூச்சு வாங்கும்." பிறகு, நூற்றெழுபதிலும் முழுச் சத்தம் தர, திருகைத் திருப்பினால் மாறிக்கொள்கிற ஒரு முனை அதில் தனியாக எடுத்துச் சுற்றித் தரச் சொன்னாள்.

"அந்த முனையில ஓடுத நேரம் கரண்டு ஏறிச்சுன்னா வெடிச்சிரும்லா?" என்றார் பாய்.

"அதுக்குத்தான் கண்டன்சரு கூடத் தாங்குததா எடுக்கேன். ஏறுனா திருப்பிக்கிடுவேன். கை அங்கனயே இருக்கும்."

ஆவணிக் கொடைக்கு நித்யா லீவு போட்டுவிட்டுப் போனாள். பெட்டி மேடைக்குப் பக்கத்தில், முத்துராணி பெட்டிக்குப் பக்கத்தில். இசக்கிமுருகன் கையைக் கட்டிக்கொண்டு அவளுக்குப் பின்னால் நின்றான். அம்மன் பிறக்கிற இடம் வந்தது. பாட்டுக்காரியின் குரல் அமுங்கியது.

"அன்னா, நிக்கப்போவுது" என்றான் இசக்கிமுருகன்.

முத்துராணி திருகை அந்த முனைக்குத் திருப்பினாள். பெட்டியில் 'டக்'கென்று ஒரு சத்தம். குரல் எழும்பித் தெருக்கடைசி வரை போயிற்று. கோமரத்தாடி துள்ளி விழுந்தார். பெண்கள் குலவையிட்டார்கள்.

சாமி கூட்டத்துக்குள் வந்து திருநீறு கொடுத்தது. எல்லோரும் இரண்டு கையையும் ஏந்தினார்கள், இசக்கிமுருகனும்தான். முத்துராணியின் முன்னால் வந்து நின்றபோது அவள் வலது கை திருகின்மேல் இருந்தது, கண் மீட்டரில். கையை எடுக்காமல் நெற்றியை மட்டும் நீட்டிக் கொடுத்தாள்.

இப்போது ஐப்பசி. முத்துராணி ஆழ்வார்திருநகரிப் பக்கம் பிசானப் பருவ நெல் நடவில் நிற்கிறாள். பெட்டி அடுத்த கொடைக்கென்று அம்மன் கோவிலிலேயே இருக்கிறது.