கருவாயன் படுத்த வாசல்

பிற்பகல் இரண்டரை மணி. முதலில் கண்ணில் பட்டது கருவாயனின் வால்தான், அது ஆடவில்லை. சூளூர்பேட்டைக்காரியின் பாதத்தின்மேல் தலையை வைத்து அந்த நாய் படுத்திருந்தது.

எழுபதுகளில் கும்மிடிப்பூண்டிப் பக்கம் கம்பெனிகள் வரத் தொடங்கியபோது, வேலைக்கு வந்தவர்களுக்காக ரயில்வே கேட்டுக்கு அருகே வரிசையாகக் கட்டிய ஓட்டு வீடுகளை 'லைனு' என்போம். அந்தக் கோடையில் லைனில் பித்தளைப் பாத்திரங்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. முதலில் ஓர் அண்டா, பிறகு ஒரு தவலை. தபால்காரரைக்கூடத் தெருமுனையில் மறித்துக் குரைக்கும் கருவாயன் ஒருமுறையும் குரைக்கவில்லை. நாய்க்குப் பழகிய கைதான் என்று எல்லோரும் முடிவு கட்டினார்கள். நாய்க்குப் பழகிய மற்றவர்கள் எங்களுக்கும் பழகியவர்களாக இருந்ததால், சந்தேகம் புதிதாகக் குடிவந்த அந்தச் சூளூர்பேட்டைக்காரியின் வீட்டு வாசலில் போய் நின்றது.

"ஊருக்கே கொலைக்கிற நாயி, அவகிட்ட மட்டும் பூனையாட்டம் கெடக்குது. நாஷ்டா போட்டு மடக்கிக்கினா நைனா" என்று கோடி வீட்டு மேஸ்திரி என் அப்பாவிடம் சொன்னார். வீட்டுச் சொந்தக்காரரிடம் பேசி அவளையும் அவள் கணவனையும் காலி செய்யவைக்கப் போவதாகவும் சொன்னார்.

அவள் நாய்க்குச் சோறு போடுகிறாளா என்று பார்த்துவர அந்தப் பிற்பகலில்தான் அம்மா என்னை அனுப்பினாள். வேலிகாத்தான் முட்புதர் மறைவில் நின்று பார்த்தேன். சோறு இல்லை, தட்டும் இல்லை. கணவன் வேலைக்குப் போயிருக்க, அவள் சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தாள். அவள் தோள் குலுங்கும்போதெல்லாம் கருவாயன் தலையைத் தூக்கி முகத்தைப் பார்த்தது, மறுபடி படுத்தது. அவளுடைய ரவிக்கையின் முன்புறம் நனைந்திருந்தது. அந்த வீட்டில் குழந்தை கிடையாது.

"இன்னாடி பாத்த?"

"ஒண்ணும் போடலம்மா. அழுதுகினு இருக்காங்க. ரவிக்கையெல்லாம் ஈரம்."

அரிசி புடைத்துக்கொண்டிருந்த அம்மாவின் கை நின்றது. "பால் கட்டிக்கினு கீதுடி. பச்சப் புள்ளயப் பறிகுடுத்தவ போலகீது" என்றாள்.

அன்று மாலை மேஸ்திரியிடம் அம்மா இதைச் சொன்னபோது அவர் சிரித்தார். "திருட்னவ அழுவாம ஆடுவாளா? அட போக்கா, உன்னையும் மடக்கிட்டா." லைனில் யாரும் அதற்குமேல் பேசவில்லை, அம்மாவும் பேசவில்லை.

துன்பப்படும் ஓர் உயிரைப் பார்க்கும்போது, பார்க்கிற உயிரின் மூளையில் தன் வலியை உணரும் பகுதிகள் சில விழித்துக்கொள்கின்றன என்றும், கூட்டமாய் வாழும் விலங்குகள் பலவற்றிடம் இதன் சாயல் உண்டு என்றும் இப்போது படிக்கிறேன். கருவாயன் அவளை மோப்பத்தால் அறிந்ததா, மூச்சின் நடுக்கத்தால் அறிந்ததா, வெறும் கண்ணீரின் உப்புக்காகத்தான் போனதா, தெரியாது. நாயின் உள்ளத்துக்கு நான் சாட்சி சொல்ல மாட்டேன். அதைவிடப் பெரிய மூளை லைனில் எல்லோருக்கும் இருந்தது.

வாரக் கடைசியில் தகரப்பெட்டியும் பாயுமாக அவர்கள் கிளம்பினார்கள். கருவாயன் ரயில்வே கேட் வரை கூடவே போய்விட்டுத் திரும்பி, பூட்டிய வாசலில் படுத்துக்கொண்டது.

லைன் இருந்த இடத்தில் இன்று கன்டெய்னர் லாரிகள் நிற்கின்றன. ஓட்டு வீடுகள் இல்லை, வேலிகாத்தான் இல்லை, ரயில்வே கேட்டுக்குப் பதில் மேம்பாலம் இருக்கிறது.

அவர்கள் போன மறுவாரம் எங்கள் வீட்டுப் பித்தளைக் குடம் காணாமல் போனது. கருவாயன் குரைக்கவில்லை.