செவன் ஹில்ஸில் கண்ட சமஷ்டி

எழுபதுகளில் நாங்கள் சிட்னியின் செவன் ஹில்ஸுக்குக் குடிவந்த புதிது. மழை பெய்தால் மகள் பள்ளிக்கூடம் போகும் பாதை வெள்ளத்தில் மூழ்கிவிடும். எந்த மந்திரியைப் பிடிக்கலாம் என்று பக்கத்து வீட்டு மார்கரெட்டிடம் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு என்னை நகரசபைக் கூட்டத்துக்குக் கூட்டிப்போனார்.

உறுப்பினர் ஒருவர் உள்ளே வந்ததும் ஊர்ப் பழக்கத்தில் கைகட்டி எழுந்து நின்றேன். வேறு யாரும் எழவில்லை. மார்கரெட் என் சட்டையைப் பிடித்து இழுத்து இருத்தினார். என் முறை வந்தபோது பாதை மூழ்குவதைச் சொன்னேன். உறுப்பினர்கள் கை உயர்த்தினார்கள். வடிகால் வெட்டுவதென்று அங்கேயே முடிவாயிற்று.

வீட்டில் மனைவி கேட்டாள்: "கன்பராவில இருந்து எப்ப பதில் வருமாம்?"

"கன்பராவுக்கு இது தெரியவே தெரியாதப்பா."

ஊரில் ஒரு மதகு கட்டவும் கொழும்பைக் கேட்க வேண்டியிருந்ததால், சமஷ்டி என்கிற கூட்டாட்சி வேண்டுமென்று மேடைமேடையாகத் தொண்டை கிழியக் கத்தியவன் நான். அது இவ்வளவு சத்தமில்லாமல் நடக்கும் என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை.