எலும்புக்கூட்டு ராஜாவின் கறுப்பு அங்கி

என் வீட்டுக்காரர் கத்தாரில் இருக்கிறார். நான் ஆவூருக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் மாமியாரோடு இருக்கிறேன். வெள்ளிக்கிழமைதோறும் சாயங்காலம் ஆறு மணிக்கு எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் போர் நடக்கும்.

விராலிமலையில் நான் வேலை பார்க்கிற ரத்தப் பரிசோதனை லேபில் இதைச் சொன்னபோது, கூட இருக்கிற அக்கா, "எங்க வீட்டுல தினமும் நடக்குது. வாரத்துக்கு ஒருநாள்னா நீ குடுத்து வச்சவ" என்றார். போனில் படம் காட்டினேன். சாப்பாட்டு மேசைமேல் பச்சைப் போர்வை, அதன்மேல் நார்த்தாமலைப் பக்கம் நான் பொறுக்கிவந்த கற்கள்தான் மலைகள். ஒருபக்கம் வாளும் கேடயமுமாக முப்பது எலும்புக்கூடுகள். எதிர்ப்பக்கம் கோரைப்பல் நீட்டிய முப்பது பச்சை அரக்கர்கள். ஒவ்வொருவரும் என் கட்டைவிரல் உயரம்தான். அக்கா படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "இந்தப் பச்சப் பயலுக்குக் கண்ணுமுழிகூட வச்சிருக்கியே!" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக அவருடைய பழைய கிண்டல் அத்தனையையும் மன்னித்தேன். கடுகைவிடச் சின்ன முகத்தில் கண் வைப்பது லேசுப்பட்ட வேலை இல்லை.

இந்தப் பைத்தியம் கத்தாரில் தொற்றியது. என் வீட்டுக்காரரோடு அறையில் தங்கியிருந்த பிலிப்பைன்ஸ்காரர் ஒருவர் லீவு நாளில் இந்தப் பொம்மைகளை வைத்துப் போர் விளையாடுவாராம். பார்த்துப் பார்த்து இவருக்கும் பிடித்துப்போய்விட்டது. கல்யாணமான பிறகு முதல் தடவை லீவில் வந்தபோது, மற்றவர்கள் வீட்டுக்காரரெல்லாம் செண்ட்டும் கம்பளியும் கொண்டுவருவதுபோல இவரும் கொண்டுவருவார் என்று நினைத்தேன். பெட்டியைத் திறந்தால் சட்டம் சட்டமாகச் சாம்பல் நிறப் பிளாஸ்டிக். கை ஒருபக்கம், கால் ஒருபக்கம், தலை ஒருபக்கம். வெட்டி எடுத்து ஒட்டி, நாமே வர்ணம் அடித்துக்கொள்ள வேண்டுமாம். எனக்கு வந்த ஆத்திரத்தில் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் அவர் ஓர் எலும்புக்கூட்டுக்கு வர்ணம் அடிப்பதைப் பார்த்தேன். வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிப்பதுபோல அடித்துக்கொண்டிருந்தார். பொறுக்க முடியாமல் பிரஷ்ஷைப் பிடுங்கினேன். இன்றுவரை திருப்பிக் கொடுக்கவில்லை.

அவர் திரும்பிப் போய் இரண்டு வருஷம் ஆகிறது. எலும்புக்கூடுகள் அவர் படை, அரக்கர்கள் என் படை. போனை ஒரு கல்லில் சாய்த்து வைத்துக்கொண்டு இரண்டு பக்கத்துக்கும் நானே நகர்த்துவேன், நானே பகடை உருட்டுவேன், யார் எவ்வளவு தூரம் நகரலாம் என்று தையல்காரர் டேப்பால் நானே அளப்பேன். "கேமராவ இங்கிட்டுத் திருப்பு, அது அஞ்சா ஆறா?" என்று அங்கிருந்து கத்துவார். அரிசி என்ன விலை, கரண்ட் பில் கட்டியாச்சா என்ற பேச்செல்லாம் தினமும் ஐந்து நிமிஷத்தில் முடிந்துவிடும். வெள்ளிக்கிழமை மட்டும்தான் நாங்கள் இரண்டு மணி நேரம் ஒரே இடத்தில் இருப்போம்.

அத்தையை, அதாவது என் மாமியாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். செபமாலை கையை விட்டு இறங்காது. வீட்டிலிருந்து யார் வெளியூர் கிளம்பினாலும் கோயிலில் மந்திரித்த தீர்த்தத்தைத் தெளித்துத்தான் அனுப்புவார். மாதா உருவத்தில் நீல மூடி போட்ட ஒரு பிளாஸ்டிக் பாட்டில் அதற்கென்றே இருக்கிறது. நான் முதல் எலும்புக்கூட்டை முடித்து ஜன்னலில் காயவைத்த அன்றைக்கு, அதைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டு, "வீட்டுக்குள்ள எதுக்காத்தா மண்டையோடு?" என்றார். எனக்குச் சுருக்கென்றது. "இதெல்லாம் உங்க மகன் ஆளுங்கத்த. அவரு படை. வேணும்னா அவருகிட்டயே கேளுங்க" என்றேன். அத்தை எலும்புக்கூட்டை ஒருதரம் உற்றுப் பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார். ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

போன கிறிஸ்துமஸுக்கு அவர் வருவதாக இருந்தது. முதல்தடவையாக எதிரெதிரே உட்கார்ந்து விளையாடப்போகிறோம். அதற்குள் அவருடைய எலும்புக்கூட்டு ராஜாவை முடித்துவிட வேண்டும் என்று உட்கார்ந்தேன். ராஜாவுக்கு நீளமான கறுப்பு அங்கி. மடிப்புக்கு மடிப்பு கறுப்பிலேயே நான்கு விதக் கறுப்பு. ஒரு மாதம் பிடித்தது. கடைசியில் மினுமினுக்காத வார்னிஷ் பூசி, கூடத்துக் கண்ணாடி அலமாரியில் எங்கள் கல்யாணப் படத்துக்கு முன்னால் நிறுத்தினேன். நான் செய்ததில் அதுதான் உருப்படியான வேலை என்று தோன்றியது.

அடுத்த வாரம் எடுத்துப் பார்த்தால் அங்கியில் வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்தது. ஈரத்துணியால் துடைத்தேன், போனது. மறுவாரம் திரும்பவும் பூத்தது. உற்றுப் பார்த்தால் மற்ற எலும்புக்கூடுகளிலும் அங்கங்கே புள்ளிகள்; எலும்பின் வெள்ளையில் அதுவரை கண்ணில் படவில்லை. வார்னிஷை மாற்றினேன். கறுப்பையே மாற்றினேன். துடைத்துத் துடைத்து வர்ணம் உரிந்து, அங்கியை நான்கு தடவை முதலிலிருந்து அடித்தேன். இணையத்தில் இந்தப் பொம்மைக்காரர்கள் கூடுகிற குழு ஒன்றில் கேட்டால், மழைக்காலத்தில் வார்னிஷ் அடிக்கக் கூடாது என்றார்கள். அது ஜூலை மாதம். புதுக்கோட்டைப் பக்கம் ஜூலையில் மழை பெய்தால் நாங்கள் வாசலுக்கு வந்து வேடிக்கை பார்ப்போம் என்று அவர்களுக்கு எப்படிச் சொல்வது?

எனக்கு மண்டை காய்ந்த விஷயம் வேறு. அதே அலமாரி, அதே வார்னிஷ், அதே கைதான். என் அரக்கர்கள் முப்பது பேர் மீதும் ஒரு புள்ளிகூட இல்லை. அவர் படையில் மட்டும்தான் இந்த நோய். "என் ஆளுங்களுக்கு நீ வேணும்னே மட்டமான பெயிண்ட் அடிக்கிற" என்று போனில் அவர் கேலி செய்தார். நான் உண்மையிலேயே அழுதுவிட்டேன். இரண்டு வருஷம் கழித்து வருகிற மனுஷனுக்கு நான் காட்டுவதற்கு வைத்திருந்ததே அது ஒன்றுதான்.

நவம்பரில் ஒருநாள் ராஜாவை டப்பாவில் வைத்து லேபுக்கே கொண்டுபோனேன். சாப்பாட்டு நேரத்தில் அந்த வெள்ளையைச் சுரண்டி, கண்ணாடித் தகட்டில் வைத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். சதுரம் சதுரமாக, சின்னக் கற்கண்டுகளைப்போல. எட்டிப் பார்த்த அக்கா, "உப்பு மாதிரில்ல இருக்கு" என்றார். உப்பேதான். எங்கள் ஊர்ச் சுவர்களில் பூக்குமே, அதேபோல மண்ணிலிருந்து ஏறியிருக்கும் என்று நினைத்தேன். ராஜாவின் காலடியில் ஊர் மணலைச் சலித்து ஒட்டியிருந்தேன். ஆனால் அரக்கர்களின் காலடியிலும் அதே மணல்தான்.

அந்த வெள்ளிக்கிழமை போர் நடக்கவில்லை. போனை எடுத்ததுமே அவர் முகம் சரியில்லை. "லீவு தர மாட்டேங்கிறாங்கம்மா. ஈஸ்டருக்குப் பாக்கலாங்கிறாங்க" என்றார். நான் சரி என்றேன். அவரும் சரி என்றார். அடுப்படியில் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்த அத்தைக்கு எல்லாமே கேட்டிருக்கும். நறுக்குகிற சத்தம் நின்றுபோயிருந்தது.

மறுநாள் சனிக்கிழமை வேலைக்குக் கிளம்பி, பஸ் ஸ்டாப் வரை போன பிறகுதான் மூக்குக்கண்ணாடியை மறந்தது தெரிந்தது. திரும்பி வந்தால், கூடத்தில் கண்ணாடி அலமாரி திறந்திருக்கிறது. அதன் முன்னால் அத்தை. கையில் நீல மூடி பாட்டில். உதடு அசைந்துகொண்டிருந்தது. ராஜாவின் அங்கியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

தீர்த்தம் மந்திரிக்கும்போது எங்கள் மாதா கோயில் சாமியார் தண்ணீரில் உப்புப் போடுவார். சின்ன வயதிலிருந்து பார்த்தது எனக்கு அப்போதுதான் உறைத்தது. முந்தின நாள் ஆற்றாமை எல்லாம் சேர்ந்து வெடித்தது.

"ஏன் அத்த, இதுங்கள பிசாசுன்னு நெனச்சா எங்கிட்ட நேரா சொல்ல வேண்டியதுதான? எத்தன தடவ திரும்பத் திரும்ப பெயிண்ட் அடிச்சேன் தெரியுமா? பைத்தியம் பிடிக்காத கொறதான்!"

அத்தை மிரண்டுபோனார். "பிசாசா? யாருத்தா பிசாசு?"

"பின்ன எதுக்கு வாராவாரம் தீர்த்தம் தெளிக்கிறீங்க?"

"நீதானத்தா சொன்ன, இதெல்லாம் அவன் ஆளுங்கன்னு. வெள்ளிக்கெழமையானா இதுங்க கிட்டதான் அவன் கொரலு கேக்குது. கத்தாருக்கு என் கையி எட்டுமா? அதான் சனிக்கெழமதோறும் இதுங்க மேல தெளிப்பேன். நேத்து அவன் வரலன்னு சொன்னதும் மனசு கேக்கல, கொஞ்சம் சாஸ்தியா ஊத்திட்டேன்." பாட்டிலை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டே, "கெட்டுப்போச்சாத்தா?" என்றார்.

கோபம் போன இடத்தில் வெட்கம் வந்தது. ஒரே கூரைக்குக் கீழே இருக்கிறவரை இத்தனை நாள் தப்பாகவே புரிந்துகொண்டிருக்கிறேன். ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை. அலமாரியில் நனையாமல் நின்ற அரக்கர்களைக் காட்டி, "அப்ப என் ஆளுங்க? அதுங்களுக்கு ஒரு சொட்டுகூடக் கெடையாதா?" என்று கேட்டேன். கேலியாகத்தான் ஆரம்பித்தேன். கேட்டு முடிக்கும்போது கேலியாக இல்லை.

"நீதான் இங்கிட்டே இருக்கியேத்தா, என் கண்ணு முன்னால. ஒனக்கு என்னத்துக்கு?" என்றார் அத்தை.

அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை. ராஜாவின் அங்கியை ஐந்தாம் தடவை அடித்து, இந்தமுறை தண்ணீர் பட்டாலும் ஒன்றும் ஆகாத பளபள வார்னிஷை இரண்டு பூச்சுப் பூசினேன். பொம்மைக்காரர்கள் மத்தியில் அது அசிங்கம். நான்கு விதக் கறுப்பும் பளபளப்பில் தெரியாமல் போய்விடும். முப்பது எலும்புக்கூடுகளுக்கும் அப்படியே பூசினேன்.

கிறிஸ்துமஸ் அன்று மத்தியானம் வழக்கம்போலப் போனில் விளையாடினோம். "என்னம்மா, ராஜா மழையில நனைஞ்ச மாதிரி இருக்காரு?" என்றார். சொன்னேன். திரையில் அவர் முகம் போய் அறையின் மோட்டுவளை தெரிந்தது. "சரி, பகடைய உருட்டு" என்றார். குரல் உடைந்திருந்தது. அன்றைக்கு அவரை நான் ஜெயிக்கவிட்டேன். இதைப் படித்தால்தான் அவருக்கே தெரியும்.

பொங்கல் கழிந்து லேபுக்குப் புது மிஷின் வந்தது. அதைப் பழக என்னைச் சென்னைக்கு ஆறு நாள் அனுப்பினார்கள். கல்யாணமாகி நான் இந்த வீட்டைவிட்டு அத்தனை நாள் இருந்ததில்லை. தினமும் போன் செய்வேன். அத்தை "சாப்பிட்டியா" என்பதற்குமேல் ஒன்றும் கேட்க மாட்டார்.

திரும்பி வந்ததும், பையை இறக்கிவிட்டு, பழக்கதோஷத்தில் நேராக அலமாரியைத் திறந்தேன். எலும்புக்கூடுகள் பளபளவென்று நின்றன. அதற்குப் பின்வரிசையில் என் அரக்கர் தலைவன், நான் கண் வைத்த அந்தப் பச்சைப் பயல். பளபள வார்னிஷ் பூசாதவன். அவன் தலையிலும் தோளிலும் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது.

"பஸ்ஸுல எதுவும் சாப்பிட்டியாத்தா?" என்று அடுப்படியிலிருந்து அத்தை கேட்டார். துடைப்பதற்காகக் கையில் எடுத்திருந்த துணியை நான் மடித்து உள்ளே வைத்துவிட்டேன்.