சொந்தமில்லை என்று சொல்ல ஒரு ஆளில்லை

ஒருவருக்கு விருது வாங்கிக் கொடுப்பதைவிட அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்துப் பிழைக்கவைத்துக் கூட்டிவருவது சுலபம். இரண்டையும் செய்து பார்த்தவள் சொல்கிறேன், நம்பலாம்.

நான் இருப்பது மலையாள தேசத்து வலியசாலையில், தமிழ்க் குடும்பங்கள் நிறைந்த ஒரு தெருவில். சர்க்கார் ஆபீஸில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவள். இவள் சும்மாதானே இருக்கிறாள் என்று தெருக்காரர்கள் ரெசிடென்ட்ஸ் அசோசியேஷன் செக்ரட்டரி வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள். எங்கள் தெருப் பிள்ளைகள் எல்லாம் பெங்களூரிலும் அமெரிக்காவிலும் இருக்கிறார்கள். வீடுகளில் மிச்சம் இருப்பது பெரியவர்கள். மாதத்துக்கு ஒருவராவது வழுக்கி விழுவார், இல்லாவிட்டால் நெஞ்சைப் பிடித்துக்கொள்வார். ஆஸ்பத்திரியில் சேர்த்தால் கூட ஒரு ஆள் இருந்தாக வேண்டும். இந்த ஊரில் அதற்கு பைஸ்டாண்டர் என்று பெயர். மருந்து வரிசையில் நிற்பதும், ஸ்கேன் ரிசல்ட் வாங்கி ஓடிவருவதும், ஃபிளாஸ்கில் கஞ்சி கொண்டுவந்து ஊட்டுவதும், கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுப்பதும் அந்த ஆளின் வேலை. பிள்ளை லீவு சொல்லி, டிக்கெட் எடுத்து, வந்து இறங்குவதற்குள் இதையெல்லாம் யார் செய்வது?

எங்கள் தெருவில் செய்தது இரண்டே பேர். ஒருத்தி என் எதிர்வீட்டு மாமி. வாயைத் திறந்தால் நெருப்பு. கோலத்தை மிதித்ததற்கு ஒருவரிடம் சண்டை, குழாய்த் தண்ணீருக்கு ஒருவரிடம், கோவிலில் பிரசாதம் யாருக்கு முதலில் என்பதில் இன்னொருவரிடம் என்று தெருவில் பாதிப்பேரோடு அவளுக்குப் பேச்சு கிடையாது. ஆனால் யாராவது ஆஸ்பத்திரியில் கிடந்தால் காலையில் முதல் ஆளாய்ப் போய் நிற்பாள். "வாயைத் திறங்கோ! கஞ்சி குடிக்காம இங்கே என்ன சொகம் கண்டேள்?" என்று வைதுகொண்டே ஊட்டுவாள்.

இன்னொருத்தி என் ஒன்றுவிட்ட தம்பியின் பெண். டிகிரி முடித்த குட்டி. சாயங்காலம் ஆனால் மாமியை வீட்டுக்கு அனுப்பிவிட்டு இவள் உட்காருவாள். வைய மாட்டாள், உபதேசம் செய்ய மாட்டாள். பக்கத்துக் கட்டில்காரர்களுக்கும் சேர்த்து மருந்து வாங்கிவந்துவிடுவாள்.

அந்தக் குட்டிக்குச் சோஷியல் வொர்க் படிக்க ஆசை. கல்லூரியில் இடமும் கிடைத்துவிட்டது. ஆனால் அட்மிஷன் அன்றைக்கு ரட்சகர்த்தா, அதாவது கார்டியன், நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும். ரட்சகர்த்தாவோ என் தம்பி. ஆபீஸ் கோப்புகளுக்குள் வாழ்நாளைக் கழித்த சூப்பிரண்டு. மகளை பேங்க் கோச்சிங்குக்கு அனுப்பியே தீருவது என்று நின்றான்.

"அக்கா, சொந்தக்காரா படுத்துண்டா கூட இருக்கறது எல்லா ஆத்துலயும் உள்ளதாக்கும். அதுக்கு ஒரு படிப்பா? வெளியாள் ஒருத்தர், நமக்கு ஒட்டும் உறவும் இல்லாத ஒருத்தர், இது சேவைதான்னு சொல்லட்டும். நான் மறுவார்த்தை பேசாம காலேஜுக்கு வரேன்" என்றான்.

அப்போதுதான் விருது அறிவிப்பு கண்ணில் பட்டது. ஜில்லா அளவில் ஒரு அமைப்பு, தன்னலமில்லாத சேவைக்கு இளையவர் ஒருவருக்கும் பெரியவர் ஒருவருக்கும் விருது கொடுக்கிறது. எனக்கு வாயெல்லாம் பல். குட்டியை ஒன்றுக்கும் மாமியை இன்னொன்றுக்கும் பரிந்துரைத்தால் தீர்ந்தது என்று நினைத்தேன். அப்புறம்தான் நிபந்தனைகளைப் படித்தேன். பரிந்துரைப்பவர் உறவினராக இருக்கக்கூடாது. சேவை பெற்றவர்களும் உறவினராக இருக்கக்கூடாது. ஆள் நேரில் வந்து விசாரிப்பார்.

இதை எழுதியவர் எங்கள் தெருவைப் பார்த்ததில்லை. இங்கே உறவில்லாதவர் என்று ஒருவரைத் தேடிப் பிடிப்பதற்குள் விளக்கு வைக்கும் நேரமாகிவிடும். பெண் எடுத்து, பெண் கொடுத்து, தத்து எடுத்து, தலைமுறை தலைமுறையாகப் பின்னிக் கிடக்கிறோம். பரிந்துரைப்பதற்கு மட்டும் ஒரு வழி இருந்தது. அசோசியேஷன் பிரசிடென்ட் தெருமுனையில் புதிதாக வந்த ஃபிளாட்டில் குடியிருக்கும் மலையாளி. அவர் குட்டியையும் பார்த்ததில்லை, மாமியையும் பார்த்ததில்லை. ஆகையால் அவர்தான் தகுதியான ஆள். நான் உட்கார்ந்து எழுதினேன், அவர் நின்றபடி கையெழுத்துப் போட்டார்.

விசாரணைதான் பாக்கி. நானும் வீடு வீடாக ஏறி இறங்கினேன்.

"ஆபீசர் வந்து இந்தக் குட்டி உங்களுக்கு யாருன்னு கேப்பார். ஆரும் இல்லை, தெருவுல இருக்கற குட்டின்னு சொல்லணும். புரிஞ்சுதா?"

முதல் வீட்டுப் பெரியவர் காதில் கை வைத்துக்கொண்டார். "சிவ சிவா! ஆத்துல பழகற குட்டியை ஆரும் இல்லைன்னு எப்படிச் சொல்றது?"

"ஒரு நாள் சொல்லுங்கோ. அவ படிப்புக்காகச் சொல்லுங்கோ. நாலாவது தலைமுறையில எங்கேயோ சுத்திண்டு வர உறவெல்லாம் உறவா?"

"அப்போ என்னது அது?"

மூச்சு வாங்க அடுத்த வீட்டுக்குப் போனேன். அங்கே பாட்டு வாத்தியார் மாமி, "எனக்குத் தெரியாதா, சொல்லிடறேன், நீ போ" என்று ஒரே வார்த்தையில் அனுப்பிவைத்தாள். அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

ஆபீசர் நல்ல மனுஷர். இளவயது. வேர்த்து விறுவிறுத்து ஒரு ஃபைலோடு வந்தார். நான் கூடவே போனேன். என் தம்பியும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னால் வந்தான், வேடிக்கை பார்க்க.

"ஈ குட்டி நிங்ஙளுடெ ஆரா?" என்று, நான் சொல்லிவைத்த அதே கேள்வியை முதல் வீட்டில் மலையாளத்தில் கேட்டார்.

பெரியவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் கண்ணாலேயே கெஞ்சினேன். "நம்மாத்துக் குட்டிதான்" என்றார். அதோடு விட்டாரா? அவளுடைய கொள்ளுத்தாத்தாவும் தன் தாத்தாவும் எப்படிச் சகலைகள் என்று முழ நீளத்துக்கு விளக்கி, ஆபீசருக்கு மோரும் கொடுத்தார். ஆபீசர் ஃபைலில் 'பந்து' என்று எழுதிக்கொண்டார். மலையாளத்தில் பந்து என்றால் உறவினர்.

பாட்டு வாத்தியார் மாமியோ இன்னும் ஒரு படி மேலே போனாள். "என் ஓர்ப்படியோட அண்ணா பேத்தியாக்கும். அவ இல்லைன்னா நான் இன்னிக்கு இங்கே உக்காந்திருக்க மாட்டேன்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்குத் தெரிந்து அந்த ஓர்ப்படிக்கு அண்ணாவே கிடையாது. உறவு அகப்படாத இடத்தில் புதிதாக ஒன்றை உண்டாக்கிக் கொடுத்துவிட்டாள், புண்ணியவதி! ஆபீசர் மறுபடி 'பந்து' என்று எழுதினார். நான் தலையில் அடித்துக்கொண்டேன். ஒவ்வொரு வீட்டிலும் இதே கதை. அவள்மேல் பிரியம் எவ்வளவோ அவ்வளவு நெருக்கமாக உறவு சொன்னார்கள். பாவிகள், கட்டிக் கொஞ்சியே காரியத்தைக் கெடுத்தார்கள்.

அதே ஆட்களிடம் எதிர்வீட்டு மாமியைப் பற்றிக் கேட்டபோதுதான் வேடிக்கை.

"அவளா? அவளுக்கும் எனக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது" என்றார் முதல் வீட்டுப் பெரியவர். அவள் அவருடைய சொந்த அத்தை பெண். "பேச்சுவார்த்தையே இல்லை. ஆனா நான் ஆஸ்பத்திரியில கிடந்தப்போ வந்தா. வைஞ்சுண்டே கஞ்சி குடுத்தா. பொய் சொல்லப்படாது."

ஆபீசர் முகம் மலர்ந்துவிட்டது. உறவே இல்லாத, போதாக்குறைக்கு விரோதமும் உள்ள ஒருவருக்குப் போய்ச் செய்திருக்கிறாள்! இதல்லவா சேவனம் என்று பக்கம் பக்கமாக எழுதினார். நான் வாயைத் திறக்கவில்லை. ஒருத்தியாவது பிழைக்கட்டும் என்றிருந்தேன்.

குட்டிக்குக் கடைசி நம்பிக்கை ஒன்று இருந்தது. தெருக்கோடி வீட்டின் பின்கட்டில் ஒரு பெரியவர் வாடகைக்கு இருக்கிறார். போனக்காட்டு மலையில் தேயிலை ஃபாக்டரியில் வேலை பார்த்தவர். மனைவி போய்விட்டாள், பிள்ளை கிடையாது. இழுப்பு அதிகமாகி ஆஸ்பத்திரிக்கு வந்தவருக்குப் பைஸ்டாண்டர் இல்லை. பக்கத்துக் கட்டிலில் எங்கள் தெருக்காரர் ஒருவருக்குத் துணை இருந்த இந்தக் குட்டி, இவருக்கும் நான்தான் என்று சொல்லி உட்கார்ந்துவிட்டாள். குணமானதும் மலைக்குத் தனியாகப் போக விடாமல் இந்த அறையைப் பார்த்துக் கொடுத்தவளும் அவள்தான். எந்தக் கணக்கிலும் எங்களுக்கு உறவில்லாத ஒரே ஆள். அவரிடம் நான் சொல்லிக்கொடுக்கக்கூட இல்லை. அவசியம் என்ன?

ஆபீசர் கேட்டார். பெரியவர் கட்டிலில் இருந்து எழுந்து நின்றார். நெஞ்சில் கையை வைத்துக்கொண்டார்.

"எம் மவ சார்" என்றார்.

ஆபீசர் ஃபைலை மூடினார். என் தம்பி உர்ரென்று வீட்டுக்கு நடந்தான். வாசலில் வைத்து என்னிடம் எரிந்து விழுந்தான். "என் பொண்ணை ஊர்ல உள்ளவா எல்லாம் தன் பொண்ணுங்கறா. அப்போ நான் ஆரு?" இவனுக்கு இந்த நேரத்தில் இதுதான் கவலை!

மாமிக்கு விருது வந்தது. குட்டிக்கு, குடும்பத்தினரை நன்றாகப் பராமரித்ததற்குப் பாராட்டும், விருதுக்குத் தகுதி இல்லை என்ற தகவலும் வந்தன. மாமி பொன்னாடையைக் கொண்டுவந்து என் சோபாவில் எறிந்தாள். "அந்தக் கொழந்தைக்கு இல்லாத விருது எனக்கெதுக்குடி? திருப்பிக் குடுத்துடு" என்று கத்தினாள். திருப்பிக் கொடுப்பதற்கு ஒரு நிபந்தனை இருந்துவிட்டால் என்ன செய்வது? அந்தப் பொன்னாடையை மடித்து அலமாரியில் வைத்தேன்.

குட்டியோ, கோச்சிங் சென்டர் தம்பானூரில் எந்தப் பக்கம் என்று மட்டும் என்னிடம் கேட்டாள்.

மாமியின் கோபம் என்னோடு தீரவில்லை போலிருக்கிறது. நேரே தெருக்கோடிக்குப் போய்ப் போனக்காட்டுப் பெரியவரைப் பிடித்து உலுக்கியிருக்கிறாள். நீர் ஒரு வார்த்தை மாற்றிச் சொல்லியிருந்தால் அவள் படித்திருப்பாள் என்று. அவருக்கு அதுவரை விவரமே தெரியாது.

அட்மிஷனுக்குக் கடைசி நாள். கடைசியாக ஒரு தடவை சண்டை போட்டுப் பார்ப்போம் என்று, குட்டி கடைக்குப் போன நேரம் பார்த்து நான் தம்பி வீட்டுக்குப் போயிருந்தேன். "விருதுப் பேப்பர் வரல்லியே அக்கா" என்பதையே அவன் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தான். அப்போது பெரியவர் தடியை ஊன்றிக்கொண்டு வாசலில் வந்து நின்றார். அவ்வளவு தூரம் நடந்ததில் மூச்சு இழுத்தது. உள்ளே வாருங்கள் என்றால் வரவில்லை.

"சாமி, ஒண்ணு சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன். அந்தப் பிள்ளைக்கும் எனக்கும் ஒரு சொந்தமும் கெடையாது. சாதி வேற, ஊரு வேற. அன்னைக்கு ஆபீசர் கேக்கும்போ எனக்கு அது வாயில வரல்ல. இப்பம் சொல்லுதேன். நான் அதுக்கு ஆரும் இல்ல. அதும் எனக்கு..."

அந்த வாக்கியம் முடியவில்லை. தடியைக் கை மாற்றிப் பிடித்துக்கொண்டு இன்னொரு தடவை முயன்றார்.

"அதும் எனக்கு ஆரும் இல்ல சாமி."

சொல்லி முடித்ததும் அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. என் தம்பிதான் பார்த்துக்கொண்டிருந்தான்.

"பின்னே எதுக்கு உங்களுக்கு இதெல்லாம் செஞ்சா?" என்று கேட்டான். குரல் தணிந்திருந்தது.

"அதைத்தான் நானும் கேக்கேன். கேட்டா, கஞ்சி ஆறுது குடிங்கன்னு சொல்லும்."

பிறகு தம்பி உள்பக்கம் திரும்பி, வெள்ளைச் சட்டை எங்கே என்று கத்தினான். என்னிடம், "காலேஜ் ஆபீஸ் எத்தனை மணிக்கு அடைப்பா அக்கா?" என்று கேட்டான். இந்தக் கேள்வியைக் கேட்க இவனுக்கு ஒரு விருதும் ஒரு ஆபீசரும் தேவைப்பட்டார்கள்! நான் ஓடிப்போய் ஆட்டோ பிடித்தேன்.

அட்மிஷன் ஆயிற்று. கதை சுபமாக முடிந்தது என்றுதானே நினைப்பீர்கள்? ஆட்டோவில் வரும்போது, பெரியவர் வந்து சொன்னதை என் தம்பி அப்படியே மகளிடம் ஒப்பித்திருக்கிறான். அவ்வளவுதான். தினமும் கொண்டுபோகிற குட்டி அன்றைக்குச் சாயங்காலம் அவருக்குக் கஞ்சி கொண்டுபோகவில்லை. மறுநாள் கஞ்சியை என் கையில் கொடுத்து அனுப்பினாள்.

"அத்தே, நான் ஆரும் இல்லைன்னு சொன்னாரே, கேட்டேளா? வாசல்ல நின்னு, எல்லார் முன்னாலயும்!"

"உனக்காகத்தாண்டி சொன்னார்!"

"எனக்குத் தெரியும். ஆனாலும் எப்படிச் சொல்லலாம்?"

அங்கே போனால் இவர் கஞ்சியைத் தொடாமல் உட்கார்ந்திருக்கிறார். "அதுக்குக் கோவம் தீரலியாம்மா?" என்று கேட்கிறார். இவருக்குச் சமாதானம், அவளுக்குச் சமாதானம் என்று ஃபிளாஸ்கைத் தூக்கிக்கொண்டு தெருவில் நான் அலைந்தேன். கடைசியில் பொறுக்க முடியாமல் அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் அவர் முன்னால் நிறுத்தினேன்.

குட்டி இடுப்பில் கை வைத்துக்கொண்டு, அந்த ஆபீசர் கேட்ட கேள்வியையே கேட்டாள். "சொல்லுங்கோ. நான் உங்களுக்கு ஆரு?"

பெரியவர் அவளைப் பார்த்தார். பிறகு, என்ன சொன்னால் சரியாகும் என்று தெரியாமல், மிரண்டுபோய் என்னைப் பார்த்தார்.

"என்னை ஏன் பாக்கறேள்?" என்று கத்தினேன். "வாயில வரதைச் சொல்லுங்கோளேன்!"