நிற்கத் தேவையில்லாத ரோட்டு

ஒஸ்லோவின் ட்வெய்ட்டாப் பகுதியில் இருந்த மாடிவீட்டின் நடையில் தில்லைநாதன் ஓரளவு ஒழுங்காகத்தான் நடந்து வருவார். குசினி வாசலுக்கு வந்ததும் இரண்டு கால்களும் தரையோடு ஒட்டிக்கொள்ளும். உடம்பு முன்னே போகப் பார்க்கும், கால் வராது. மனைவி மனோகரி நிலத்தில் குறுக்குக் குறுக்காகச் சிவப்பு ஒட்டுநாடா ஒட்டியிருந்தாள். கோட்டைக் கண்டால் அதைத் தாண்டக் கால் எழும்பும் என்று உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கிற நோர்வேக்காரி சொல்லியிருந்தாள். சில நாள் எழும்பும். சில நாள் சிவப்புக் கோடுகளையே பார்த்துக்கொண்டு நிற்பார். பார்க்கின்சன் என்ற அந்த நோய் வந்த பிறகு, வீட்டில் எல்லாரும் வாசல்களுக்குப் பயந்தார்கள்.

எண்பதுகளில் நோர்வேக்கு வந்த மனிதர். முதலில் வடக்கே மீன் தொழிற்சாலை, பிறகு ஒஸ்லோவில் ஓர் ஆஸ்பத்திரியின் சலவைக்கூடம். பனி கரைந்த அன்றிலிருந்து அடுத்த பனி விழும்வரை வேலைக்குச் சைக்கிளில்தான் போவார். பஸ்ஸில் தூங்கி விழுகிறவர்களைப் பார்த்து, "ஏன் காலைக் கடவுள் தந்தவர், சப்பாத்துப் போடவோ?" என்று கேட்பார். இப்போது அந்தப் பேச்சை யாரும் அவருக்கு நினைவூட்டுவதில்லை.

அதே நோர்வேக்காரிதான் ஒருநாள் அவரை அசையாத சைக்கிளில் ஏற்றி இருத்தினாள். கால்கள் சுழன்றன. நடக்க மறுத்த கால்கள் மிதிக்க மறுக்கவில்லை. இந்த நோயில் அப்படியும் உண்டு என்று அவள் சாதாரணமாகச் சொன்னாள். வீட்டுக்கு வந்தவர் மகள் தனுசியாவிடம் நிலவறையில் கிடந்த அவளுடைய பழைய சைக்கிளைக் கேட்டார்.

கார்கள் நிறுத்துகிற வெளியில் தனுசியா பின்னால் பிடித்துத் தள்ளிவிட்டாள். அவர் போனார். வளைந்து திரும்பி, மணியடித்துக்கொண்டு வந்தார். மேலே பல்கனியில் நின்ற மனோகரி கையிலிருந்த ஈரத்துணியைக் கொடியில் போட மறந்து நின்றாள். இந்த மனிதன்தானா காலையில் குளியலறை வாசலில் நின்று, "மனோ, என்னை ஒருக்கால் தள்ளிவிடும்" என்று கூப்பிட்டது?

பிறகு அவர் பிரேக் பிடித்தார். நிறுத்தினால் கால் ஊன்ற வேண்டும். கால் வரவில்லை. சைக்கிளோடு அப்படியே சரிந்து விழுந்தார்.

ஒஸ்லோவில் நிற்காமல் ஓடக்கூடிய ரோட்டு எங்கே இருக்கிறது? சந்திக்குச் சந்தி சிவப்பு விளக்கு. ஆல்னா ஆற்றோரப் பாதையில் பிள்ளை வண்டிகளும் நாய்களும். அங்கும் ஒருமுறை விழுந்தார், முழங்கை கிழிந்தது. தனுசியா சைக்கிள் பூட்டின் திறப்பை ஒளித்து வைத்தாள்.

"அப்பா, நீங்கள் விழுந்தால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடுறது நான்தான்" என்றாள்.

"சரி பிள்ளை."

அவர் சண்டை பிடிக்கவில்லை. அதுதான் மனோகரிக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

ஜேர்மனியில் இருக்கும் மனோகரியின் தம்பி வரதராசா சித்திரையில் ஒருநாள் தொலைபேசி எடுத்தான்.

"அத்தான், இஞ்சை மோசல் ஆத்தங்கரை ரோட்டை வருசத்திலை ஒரு ஞாயிற்றுக்கிழமை பூட்டுறவங்கள். கார் இல்லை, லைட் இல்லை. காலமையிலையிருந்து பின்னேரம்மட்டும் சைக்கிள்தான். ஒரு பக்கம் ஆறு, மற்றப் பக்கம் மலை முழுக்கத் திராட்சைத் தோட்டம். வைன் விக்கிறவங்களும் நிப்பாங்கள்."

"அப்ப எல்லாரும் வெறியிலை ஓடுவாங்களே?"

"சிலபேர். நீங்கள் குடியாமலே அவங்களைப்போலைதானே நடக்கிறியள், ஆருக்கும் வித்தியாசம் தெரியாது."

தில்லைநாதன் சிரித்த சிரிப்பில் றிசீவர் கையிலிருந்து நழுவியது. மனோகரி அதை எடுத்துத் தம்பியை ஏசினாள்.

"அந்த மனிசனுக்கு விசர் ஏத்தாதை. அடுத்த வருசம் பாப்பம்."

சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. அடுத்த வருடம் சைக்கிளும் ஓட வருமோ தெரியாது என்று வைத்தியர் போன கிழமைதான் சொல்லியிருந்தார். அது தில்லைநாதனுக்கும் தெரியும். "பாப்பம்" என்றார் அவரும். அன்றிரவே அவள் தனுசியாவிடம் விமானச் சீட்டுப் பார்க்கச் சொன்னாள்.

திட்டம் எளிது. வரதராசா வீட்டுக்கு ஆற்றின் மேற்பக்கமாக உள்ள ஒரு கிராமத்தில் புறப்படுவது. வரதராசா பக்கத்திலேயே இன்னொரு சைக்கிளில் வருவான். அவனுடைய வீட்டு வாசலைத் தாண்டி, அடுத்த கிராமத்துப் பந்தடி மைதானம்வரை போவது. அங்கே புல்லில் வரதராசாவின் நண்பர் சூசைரட்ணமும் தனுசியாவும் இரண்டு பக்கமும் நின்று சைக்கிளோடு சேர்த்துப் பிடிப்பார்கள். இடையில் நிற்கக்கூடாது. அது ஒன்றுதான் சட்டம்.

மனோகரி எல்லாருக்கும் அதைச் சொன்னாள். வரதராசாவின் மனைவி விமலாதேவிக்கு இரண்டுமுறை சொன்னாள்.

"ஓம் மச்சாள், எனக்கு விளங்காதே? நான் வாயே திறக்கமாட்டன்" என்றாள் விமலா, ரோல்ஸ் பொரித்துக்கொண்டே.

"இதெல்லாம் ஆருக்கு?"

"முடிச்சிட்டு வந்து சாப்பிடட்டும்."

ஞாயிறு வெயில் எறித்தது. மனோகரியும் விமலாவும் வீட்டு வாசலில், ரோட்டோரம் நின்றார்கள். ரோட்டு முழுவதும் சைக்கிள். ஒரு கார்கூட இல்லாத அந்த ரோட்டில் சங்கிலிகளின் சத்தம் மட்டும் மழைபோலக் கேட்டது. மலைச்சரிவில் திராட்சைக் கொடிகள் வரிசை வரிசையாகத் துளிர்விட்டிருந்தன. விமலாவின் ஒரு கையில் தேநீர்ப் போத்தல், மற்றக் கையில் கோப்பை.

"அது எதுக்கு இப்ப?"

"சும்மா, கையிலை இருக்கட்டும் மச்சாள்."

வளைவில் தில்லைநாதன் தெரிந்தார். நிமிர்ந்து இருந்தார். கை நடுங்கவில்லை, அல்லது அவ்வளவு தூரத்தில் தெரியவில்லை. வரதராசா யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடப் பெடியன்கள் சைக்கிள் ஓடுவதுபோல அவருடைய தோளில் ஒரு கையைப் போட்டபடி கதைத்துக்கொண்டு வந்தான். பின்னால் வந்த ஒரு குடும்பம் இடையில் புகுந்ததும் கையை எடுத்துப் பின்தங்கினான். தில்லைநாதன் தனியாக வந்தார். அப்படியொரு முகத்தை மனோகரி கல்யாணமான புதிதில்தான் பார்த்திருக்கிறாள். அவள் வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். கூப்பிட்டுவிடுவேனோ என்ற பயம் அவளுக்குத் தன்மேல்தான் இருந்தது.

விமலா ரோட்டில் ஓரடி இறங்கினாள்.

"அண்ணை, ஒருவாய் ரீ குடிச்சிட்டுப் போங்கோவன்."

அவளுக்கே தெரியாமல் வந்த வார்த்தை. தன் வீட்டு வாசலால் போகிற மனிதரை, அதுவும் ஒஸ்லோவிலிருந்து வந்த மனிதரை, எப்படி வாய் திறக்காமல் விடுவது? அவள் பிறந்து வளர்ந்த வீட்டில் அப்படி யாரும் யாரையும் விட்டதில்லை. அவர் பிறந்த வீட்டிலும், கூப்பிட்ட குரலைக் கேளாததுபோல யாரும் போனதில்லை.

"வாறன் பிள்ளை" என்று சொல்லித் தில்லைநாதன் பிரேக் பிடித்தார்.

"நிக்காதையுங்கோ! மிதியுங்கோ!" மனோகரி ஓடினாள். இடையில் பிள்ளை இருக்கை கட்டிய சைக்கிள் ஒன்று போனது. அது போய் முடியும்வரை அவள் நிற்க வேண்டியிருந்தது. கணவர் மெல்ல, மிக மெல்லச் சரிவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். முகத்தில் கூப்பிட்டவளுக்கான சிரிப்பு அப்படியே இருக்க, அவர் தோட்டத்துக் கல்மதிலோடு விழுந்தார்.

இடுப்பெலும்பு. எழுப்ப வேண்டாம் என்றார் இறங்கி ஓடிவந்த ஒரு ஜேர்மன்காரர். ரோட்டைப் பூட்டியிருந்ததால் அம்புலன்ஸ் சைக்கிள்காரர்களை விலக்கி விலக்கி ஊர்ந்துதான் வந்தது. அதுவரை யாராலும் ஒன்றும் செய்ய முடியவில்லை. வரதராசா மதிலில் தலையைச் சாய்த்துக்கொண்டிருந்தான். விமலா தன் வாயில் அடித்து அடித்து அழுதாள்.

"அழாதையும் பிள்ளை" என்றார் தில்லைநாதன், பல்லைக் கடித்துக்கொண்டு. "நல்லாத்தான் போனது. கூப்பிட்டுப்போட்டு ரீ தராமல் நிக்கிறீர்?"

ஒன்றும் குடிக்கக் கொடுக்க வேண்டாம் என்று அந்த ஜேர்மன்காரர் கையைக் காட்டினார். தேநீர் மதில்மேல் ஆறியது. சூசைரட்ணமும் தனுசியாவும் மைதானத்தில் பிடிப்பதற்குக் காத்துக்கொண்டு நின்றார்கள்.

அங்கே அறுத்து, ஆணி வைத்து, பிறகு ஒஸ்லோவுக்குக் கொண்டுவந்தார்கள். சைக்கிள் பேச்சு அதோடு முடிந்தது. தனுசியா திறப்பை மேசையில் எடுத்து வைத்தாள். இனி ஒளிக்கத் தேவையில்லை. விமலா அடிக்கடி தொலைபேசி எடுப்பாள். மனோகரிதான் அவளைத் தேற்ற வேண்டும். "நீர் என்ன செய்வீர், வாய் தவறி வந்தது" என்பாள். தொலைபேசியை வைத்த பிறகு, ஏன் வாயை மூடிக்கொண்டிருக்கவில்லை என்று சுவருக்குச் சொல்வாள். இரண்டும் உண்மைதான்.

மார்கழியில் ஒரு பின்னேரம். மனோகரி குசினியில் தேநீர் ஊற்றினாள். தில்லைநாதன் நடைவண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து வாசலில் நின்றுபோனார். சிவப்பு நாடாவின் ஓரங்கள் கிழிந்திருந்தன.

"வாங்கோ, ரீ ஆறுது."

"வாறன்."

வரவில்லை. அவள் கோப்பையை அவரிடம் கொண்டுபோனாள். அவர் அந்தப் பக்கமும் அவள் இந்தப் பக்கமுமாக நின்று குடித்தார்கள். அப்போது நடையில் தொலைபேசி அடித்தது. போய் எடுக்க அவரைத் தாண்ட வேண்டும். நடைவண்டியும் அவரும் வாசலை அடைத்து நின்றார்கள்.

"விமலாவாத்தான் இருக்கும்" என்றாள்.

"ஓம்" என்றார் அவர். காலைப் பார்த்தார். அவளும் பார்த்தாள். தொலைபேசி அடித்து அடித்து ஓய்ந்தது.